மூன்று மணி நேரம் என்று நான் சொன்னது

மலைப்பக்கம் இடிச் சத்தம் கேட்டால் உடனே கைக்கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்கு இருந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போகும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டியிருப்பதைப் போன மாதம் முகாமுக்கு வந்தபோது பார்த்தேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "நீங்க சொன்னதுதான்னு சீனியர்ஸ் சொன்னாங்க அங்கிள். இடிச்சா மூணு மணி நேரம் இருக்கு, பயப்பட வேணாம்னு" என்றார் உங்களில் ஒரு தங்கை. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஜொகூரில், காஹாங் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு படிப்பு சரி. மீசை முளைப்பதற்கு முன்பே தோட்டத்தில் வடிகால் வெட்டப் போனேன். அங்கிருந்து யாருடைய சிபாரிசும் இல்லாமல் இந்த வட்டாரத்துக் காட்டோர முகாம்களிலேயே பெயர் பெற்ற வழிகாட்டி ஆனேன். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். பட்டம் வாங்கியவர்கள் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டுவார்கள். நான் நடந்துகொண்டே சொல்வேன்: இது நெருப்புக் குழம்பு ஆறிப் பிறந்தது, இது மணல் படிந்து படிந்து இறுகியது, இது மண்ணுக்கடியில் அழுத்தமும் சூடும் பட்டு உருமாறியது. ஒரு பல்கலைக்கழகத்து ஆள் இரண்டு நாள் என் பின்னாலேயே நடந்து குறிப்பெடுத்தார். போகும்போது என்னை "புரொபசர்" என்று கூப்பிட்டார். கேலியாகச் சொன்னாரோ என்னவோ, நான் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டேன்.

தண்ணீரைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்தவர் அந்தத் தோட்டத்தில் வடிகால் வேலையாட்களை மேய்த்த மண்டோர். பெயரை எழுத மாட்டேன். அவர் பிள்ளைகள் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். குள்ளமான மனிதர், வாயைத் திறந்தால் பாதி வசவு. ஆற்றோரம் வடிகால் வெட்டிக்கொண்டிருக்கும்போது மலையில் இடி இடித்தால் நாங்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடப் பார்ப்போம். "எங்கடா ஓடறீங்க? மேல மழை பெஞ்சா கீழ தண்ணி வர மூணு மணி நேரமாவும். அதுக்குள்ள வேலைய முடிங்கடா, பசியாறுங்க, அப்புறம் கரையேறலாம்" என்பார். நான் சும்மா நம்பவில்லை. கடிகாரம் வாங்கிய பிறகு பல வருடம் மணி பார்த்துச் சோதித்தேன். அவர் சொன்னது ஒருமுறைகூடத் தப்பவில்லை. பிறகு அதை என் சொத்தாக்கிக்கொண்டேன். முகாமுக்கு வந்த எல்லோரிடமும் என் கண்டுபிடிப்பு போலவே சொன்னேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயிலிருந்து ஓர் இடைநிலைப் பள்ளியின் அறிவியல் கழகம் வந்திருந்தது. கூட வந்த சார் ஒருவர் பாதிப் பிள்ளைகளோடு காட்டுப் பாதைக்குப் போய்விட்டார். மீதி பதினெட்டுப் பேரும் தேவகி டீச்சரும் என்னோடு ஆற்றுக்கு. டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எதையும் இரண்டு தரம் கேட்கிற ஆள். லோரியிலிருந்து இறங்கியதும் முதல் கேள்வியே அதுதான்.

"அண்ணே, இந்தத் தண்ணி திடீர்னு ஏறுமா?"

"என்னைக் கேக்காம ஏறாது டீச்சர்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இல்லண்ணே, சும்மா கேக்கல. பதினெட்டுப் பேரோட அம்மா அப்பாவுக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார்.

லோரி ஓட்டி வந்தது காதர். என்னோடு பல வருடம் வேலை செய்தவன். கரையில் நிழல் பார்த்து லோரியை நிறுத்திவிட்டு இருக்கையைச் சாய்த்துக்கொண்டான். நாங்கள் முழங்காலுக்கும் கீழே ஓடிய தண்ணீரைக் கடந்து ஆற்றின் நடுவில் இருக்கும் மணல்திட்டுக்குப் போனோம். உங்களுக்குத் தெரியும், அந்தத் திட்டுக்கு அந்தப் பக்கம் ஆழம். இந்தப் பக்கம்தான் கடக்க முடியும். ஆற்றைப் படிக்க அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. மேல்முனையில் பெரிய கற்கள், நடுவில் கூழாங்கல், வால்பக்கம் மாவு போல மணல். தண்ணீருக்கு வலு குறையக் குறைய எதை எங்கே இறக்கிவைக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

பிள்ளைகள் மூன்று கூட்டமாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டம் கல் பொறுக்கியது. ஒரு கூட்டம் வெள்ளைத் தட்டில் தண்ணீர் எடுத்து, அழுகிய இலைகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிகளை எண்ணியது. இலை விழுகிறது, பூச்சி அதைத் தின்கிறது, மீன் பூச்சியைத் தின்கிறது என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். மூன்றாவது கூட்டத்துக்குத் தர்ஷினி என்ற பெண் தலைவி. ஒல்லியான, கண்ணாடி போட்ட பிள்ளை. அவள் கையில் நீளமான கண்ணாடிக் குழாய் இருந்தது. அடியில் கறுப்பு வெள்ளை வட்டம். தண்ணீரை ஊற்றி மேலிருந்து பார்க்க வேண்டும். வட்டம் தெரிந்தால் தண்ணீர் தெளிவு. அன்று காலை குழாய் நிறைய ஊற்றியும் வட்டம் பளிச்சென்று தெரிந்தது. "நம்ம ஆத்தப் பத்தி என்ன நெனச்ச?" என்று அவளிடம் கேட்டேன், ஆற்றை நானே தோண்டியது போல.

பத்தே முக்காலுக்கு மலைப்பக்கம் இடித்தது. எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

தேவகி டீச்சர் வேகமாக வந்தார். "அண்ணே, மேல இடிக்குது. கெளம்பிரலாமா?"

"மணி என்ன டீச்சர்?"

"பத்தே முக்கா."

"ஒண்ணே முக்கா வரைக்கும் ஒரு சொட்டு வராது. ஒரு மணிக்குக் கெளம்பினாப் போதும். சாப்பாட்டையும் இங்கயே முடிச்சிரலாம்."

"ஷுவரா அண்ணே?"

"டீச்சர், இந்த ஆத்த முப்பது வருஷமாத் தெரியும். பயப்படாதீங்க லா."

அவர் ஒரு நிமிடம் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையாட்டிவிட்டுப் பிள்ளைகளிடம் போனார். அவர் முகத்தில் சமாதானம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அதை நான் பட்டணத்துப் பயம் என்று ஒதுக்கினேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். தர்ஷினி என்னிடம் வந்தாள்.

"அங்கிள், வட்டம் தெரிய மாட்டேங்குது. காலையில ஃபுல்லா ஊத்துனா கூடத் தெரிஞ்சுச்சு. இப்பப் பாதியிலேயே மறைஞ்சிருது."

குழாயை வாங்கிப் பார்த்தேன். தேத்தண்ணீரில் கொஞ்சம் பால் விட்டது போல இருந்தது.

"பதினெட்டுப் பேரு மிதிச்சா கலங்காம என்ன செய்யும்? உங்க ஆளுங்கதான்மா கலக்கி வச்சிருக்காங்க."

"நாங்க எடுத்த எடத்துல யாரும் நடக்கல அங்கிள்."

"மேல நடந்தாக் கீழ கலங்கும்மா. அதுகூடத் தெரியாதா?"

பக்கத்தில் நின்ற பையன்கள் "சூப்பர் லா அங்கிள்" என்று அவளைக் கேலி செய்தார்கள். அவள் முகம் சுருங்கியது. குழாயை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எங்கே போகிறாள் என்று நான் பார்க்கவில்லை. நன்றாகப் படியுங்கள் தம்பி தங்கைகளே, எங்கே போகிறாள் என்று நான் பார்க்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. முதலில் நுரை, பழுப்பு நிறத்தில், சின்னச் சின்னத் துண்டாக. நுரை எப்போதும் வருவதுதான் என்று நினைத்தேன். அடுத்து இலைகள். காய்ந்த இலை மிதந்து வந்தால் கவலையில்லை. இவை பச்சை இலைகள், காம்போடு பிய்ந்தவை. காற்றில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் ஆற்றின் சத்தம் மாறியது. சலசல என்று இருந்தது தணிந்து, தொண்டைக்குள்ளே உறுமுவது போல ஆனது. அடியில் கற்கள் நகரும்போதுதான் அந்தச் சத்தம் வரும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் நான் என்ன செய்தேன் சொல்லுங்கள்? கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது. இடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அப்படியென்றால் இது வெள்ளமாக இருக்க முடியாது என்று என் மனது சொன்னது. ஆறு கண்ணெதிரில் ஒன்று சொல்கிறது, கையில் கட்டியிருக்கும் கடிகாரம் வேறொன்று சொல்கிறது. நான் கடிகாரத்தை நம்பினேன். அப்படிப் பத்து நிமிடம் போயிற்று.

தண்ணீர் ஓரத்தில் அளவு பார்க்க நான் நட்டிருந்த குச்சியைத் தேடினேன். குச்சி இல்லை. அது இருந்த இடத்துக்கு மேலே பழுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

விசிலை எடுத்து மூன்று முறை ஊதினேன். "பையெல்லாம் கெடக்கட்டும்! எல்லாரும் டீச்சர்கிட்ட வாங்க! ஓடாதீங்க!"

கரையில் காதர் எழுந்துவிட்டான். அவனுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லோரியில் கிடந்த கயிற்றின் ஒரு நுனியை லோரியின் கொக்கியில் மாட்டிவிட்டு மறுநுனியோடு தண்ணீரில் இறங்கினான். காலையில் முழங்காலுக்குக் கீழே இருந்த இடத்தில் இப்போது அவன் தொடை நனைந்தது. திட்டில் மண்ணில் புதைந்து கிடந்த ஒரு பெரிய மரத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டினோம்.

டீச்சர் எண்ணினார். பதினேழு. நான் எண்ணினேன். பதினேழு.

"யாரில்ல? யாருடா இல்ல?" டீச்சரின் குரல் கிழிந்தது.

ஒரு பிள்ளை அழுதுகொண்டே சொன்னாள்: "தர்ஷினி, டீச்சர். மேல போனா. யாரும் மிதிக்காத எடத்துல தண்ணி எடுத்துட்டு வந்து அங்கிளுக்குக் காட்டுறேன்னு போனா."

மேல்முனை நாங்கள் நின்ற இடத்திலிருந்து நூறடிக்கு மேல் இருக்கும். நடுவில் புதர். ஆள் தெரியவில்லை. டீச்சர் அந்தப் பக்கம் ஓட ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"விடுங்கண்ணே! என் பிள்ளை அது!"

"இந்தப் பதினேழும் உங்க பிள்ளைதான் டீச்சர். இன்னும் பத்து நிமிஷம் நின்னா ஒருத்தரும் கடக்க முடியாது. நீங்க இவங்களக் கரையேத்துங்க. நான் போறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியாது. "நீங்க சொல்லித்தான் இருந்தோம்" என்று அதில் இருந்தது. திரும்பி, முதல் ஆறு பேரைக் கைகோக்க வைத்துத் தண்ணீரில் இறக்கினார். அந்த முடிவு சரிதானா, பதினேழு பேரை அனுப்பிவிட்டு ஒருத்தியைத் தேடிப் போனது முறையா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கணக்குப் போடும் நிலைமைக்கு எங்களைக் கொண்டுவந்தது யார்?

புதரைத் தாண்டியதும் பார்த்தேன். திட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. நடுவில் ஒரு பள்ளம் வழியாகத் தண்ணீர் புகுந்து ஓடியது. அந்தப் பக்கம் ஒரு பாறை மேல் தர்ஷினி நின்றாள். குழாயை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். அழவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

நான் இறங்கினேன். இடுப்புவரை வந்தது. காலுக்கடியில் மணல் கரைந்து போய்க்கொண்டே இருந்தது. ஓர் அடி வைத்தால் அரை அடி இழுத்துப் போட்டது. பாறையைப் பிடித்து ஏறியதும் அவள் குழாயை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அங்கிள், இங்க யாருமே மிதிக்கல. இங்கயும் தெரியல."

"ஆமாம்மா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அதத் தூக்கிப் போடு, என் பெல்ட்டப் புடி" என்றுதான் சொன்னேன். அவள் குழாயைப் பாறை மேல் பத்திரமாக வைத்துவிட்டு என் இடுப்புவாரைப் பிடித்தாள்.

பள்ளத்தைக் கடந்து கயிற்றிடம் வந்தபோது கடைசி ஐந்து பேரோடு டீச்சர் அக்கரையை நெருங்கிக்கொண்டிருந்தார். நானும் அவளும் இறங்கினோம். நடுவில் ஒரு கிளை வந்து என் முழங்காலில் மோதியது. இரண்டு காலும் போய்விட்டன. ஒரு கையில் கயிறு, மறு கை அவள் தோளில். வாய்க்குள் மண் தண்ணீர். காதர் "விடாதீங்கண்ணே! விடாதீங்க!" என்று கத்துவது மட்டும் கேட்டது. அவன் எப்போது இறங்கினான், எப்படி என் சட்டைக் காலரைப் பிடித்தான் என்று தெரியாது. கரை மண் கையில் பட்டபோது அவள் இருமிக்கொண்டிருந்தாள். இருமுகிறவள் மூச்சு விடுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டீச்சர் மறுபடி எண்ணினார். பதினெட்டு. இன்னொரு முறை எண்ணினார். பிறகு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில் திட்டு இருந்த இடமே தெரியவில்லை. அங்கேதான் சாப்பாட்டை முடிக்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன்.

பிள்ளைகளில் ஒருவன் கரையிலிருந்து கைப்பேசியில் படம் எடுத்திருந்தான். நானும் தர்ஷினியும் கயிற்றைப் பிடித்து வருகிற கடைசிப் பகுதி. அன்று சாயங்காலமே அது காஹாங் முழுக்கச் சுற்றியது. ஒட்டுக்கடையில் எனக்குத் தேத்தண்ணீர் இலவசம். கோவிலில் மாலை போட்டார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன் கூப்பிட்டு "அப்பா, இங்க எல்லாரும் பாத்துட்டாங்க" என்றான். நான் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படம் முடிந்து திரை கறுப்பானதும், ஏன் ஒரு மணி நேரத்தில் வந்தது என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிடும். இரண்டு நாள் கண்ணை மூட முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை காதரின் மோட்டார் சைக்கிளில் மலைப்பக்கம் போனோம். பாதி வழியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மலைச்சரிவில் இருந்த பழைய செம்பனை முழுவதும் சாய்ந்து கிடந்தது. மறுநடவுக்காகச் சரிவை வெட்டிப் படிப்படியாக்கியிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் செம்மண். படிகளிலிருந்து வடிகால்கள் நேராக, வளைவே இல்லாமல், ஆற்றுக்கு இறங்கின.

"நான்தான் போன மாசமே சொன்னேனேண்ணே" என்றான் காதர். "மேல மொட்டையாக் கெடக்குன்னு. ரொட்டி சானாய் சாப்பிடும்போது."

சொல்லியிருந்தான். "தோட்டத்துக்காரன் மரத்த வெட்டறான், நமக்கென்ன? நம்ம வேலை ஆறு" என்று நான் பதில் சொன்னதும் நினைவு வந்தது.

வடிகால் வெட்டி வளர்ந்தவன் நான். வளைவில்லாத வடிகாலில் தண்ணீர் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அங்கே ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்து யோசித்தேன். முன்பு ஒரு மழைத்துளி மேலே விழுந்தால் எத்தனை இடத்தில் நின்று வரும்! ஓலையில் நிற்கும். செம்பனை உடம்பில் முளைத்த பெரணியில் நிற்கும். வரிசைக்கு நடுவே குவித்த மட்டையில், கீழே அழுகிய இலையில், புழு துளைத்த மண் ஓட்டையில், வேரில் என்று எல்லா வாசலிலும் நின்று பேசிவிட்டுத்தான் ஆற்றுக்கு வரும். பாதித் துளி வரவே வராது, மண்ணுக்குள் போய்விடும். அப்படி நின்று நின்று வருவதற்கு ஆன நேரம்தான் மண்டோர் சொன்ன மூன்று மணி நேரம். அவர் எனக்குத் தந்த அந்த நேரம் உண்மையில் மலையின் சொத்து. மலையில் அவற்றையெல்லாம் எடுத்துவிட்ட பிறகும் நான் கீழே நின்று அதே மூன்று மணி நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் பிள்ளைகளுக்கு நீர்ப்பிடிப்பு, மண்ணரிப்பு, சூழல்தொகுதி என்று தனித்தனிப் பக்கமாகச் சொல்லித்தருகிறீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆற்றில் அவை தனித்தனியாக வருவதில்லை.

அங்கிருந்தே டீச்சருக்குப் போன் அடித்தேன். மலையைப் பற்றிச் சொன்னேன்.

"அண்ணே, கல்வி இலாகாவுல இருந்து விளக்கம் கேட்டாங்க. இடி கேட்ட பெறகும் ஏன் அங்கயே இருந்தீங்கன்னு. நான் எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னன்னு?"

"இருக்கலாம்னு நான் முடிவு பண்ணினேன்னு."

"டீச்சர், சொன்னது நானு!"

"நீங்க சொன்னதா எழுதினா, ஒரு டீச்சர் ஏன் அத நம்பினீங்கன்னு கேப்பாங்க. ரெண்டும் ஒண்ணுதாண்ணே. வெள்ளிக்கிழமை விசாரணை. வேற எடத்துக்கு மாத்திருவாங்க போல. இல்ல, இனி பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போகவே விட மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "உங்க வீடியோ பாத்தேன். நல்லா இருக்கு" என்றார். அதில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வரை நான் நடந்துகொண்டே இருந்தேன். போய்ச் சொன்னால் முகாமில் என் இடம் போகும். பெயர் போகும். மாலை போட்டவர்களே சிரிப்பார்கள். போகாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. டீச்சரே மறைத்துவிட்டார். இவ்வளவு வசதியான நிலைமை அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. இவ்வளவு பயமும் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலை சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு விசாரணை நடக்கும் ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறினேன்.

விசாரித்த அதிகாரி நம்மவர். என்னைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். "அண்ணன்தானே அந்த வீடியோவுல வர்றது? உக்காருங்க."

"அந்த வீடியோவுக்கு முன்னாடி நடந்தத யாரும் எடுக்கல சார். அதச் சொல்லத்தான் வந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் கிளம்பலாம் என்று கேட்டது, நான் கடிகாரத்தைப் பார்த்தது, அந்தப் பெண் குழாயைக் காட்டியது, நான் அவளை மட்டம் தட்டியது. டீச்சர் ஓரத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"மூணு மணி நேரம்னு சொன்ன அந்த மண்டோர், தப்பாச் சொல்லிட்டாரா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்ல சார். அவர் சொன்னப்ப அது சரி. நான் சொன்னப்பத் தப்பு."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். எனக்கு மலாயில் எழுத வராது. தமிழில் ஏழு வரி எழுதினேன். மூன்று இடத்தில் அடித்துத் திருத்தினேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே கடினமானது அதுதான். இந்தக் கட்டுரை உட்பட.

ஒரு வருடம் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று எனக்கு முகாமில் தடை வந்தது. டீச்சருக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று அறையை விட்டு வெளியே வந்தபோது நடைபாதையில் ஒருவர் எழுந்து வந்தார். தொழிற்சாலைச் சீருடை, சட்டைப் பையில் பெயரட்டை. அவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வந்த வேகத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தர்ஷினியோட அப்பா நான். அன்னிக்கு நீங்க இல்லேன்னா..." கண்ணில் தண்ணீர்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். உள்ளே ஒருமுறை சொல்லியாகிவிட்டது, போதும் என்று ஒரு மனது சொன்னது.

"உங்க பொண்ணு அங்க போனதே என்னாலதான்" என்றேன். "தண்ணி மாறுதுன்னு மொதல்ல சொன்னது அவதான். நான் கேலி பண்ணி அனுப்பிட்டேன். நான் சொன்னது தப்புன்னு காட்டத்தான் மேல போனா."

அவர் என் கையை விட்டார். மெதுவாக, விரல் விரலாக. அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"அப்ப அவ சொன்னது சரியா?"

"சரி."

"அத அவகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"வீட்டுலதான் இருக்கா. ஆத்துல இருந்து வந்ததுல இருந்து சரியாப் பேசுறதில்ல." கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினார். "சொல்லுங்க."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அப்பா?" என்றது குரல்.

"அப்பா இல்லம்மா. ஆத்து அங்கிள் பேசுறேன். அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி. நான் தப்பு."



"தெரியும் அங்கிள்" என்றாள்.